சென்னை வானவில் பேரணி: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் பாதி போனதும் எனக்கு ஒரே மாதிரிக் கேள்விகள் வரத் தொடங்கும். சில வாட்ஸ்ஆப்பில் வரும், சில டீக்கடையில். ஒன்றிரண்டு, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையிலிருந்து தணிந்த குரலில் வரும். நான் பேரணியின் தலைவனோ செய்தித் தொடர்பாளனோ இல்லை. சில ஆண்டுகள் ஓரத்தில் கயிறு பிடித்து நடந்தவன், அவ்வளவுதான். தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துப்போனதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

பிரைடு பேரணின்னா என்ன? ஆர்ப்பாட்டமா, ஊர்வலமா, திருவிழாவா?

மூன்றும் கலந்தது. தன்பாலீர்ப்பு கொண்டவர்கள், இருபாலீர்ப்பு கொண்டவர்கள், திருநங்கைகள், திருநம்பிகள், இந்தப் பெட்டி எதிலும் அடங்காதவர்கள், இவர்களுடைய நண்பர்கள், குடும்பத்தார் எல்லாரும் ஆண்டுக்கு ஒருமுறை பொதுச் சாலையில் சேர்ந்து நடக்கிறார்கள். முழக்கம் இருக்கும், கோரிக்கை இருக்கும், அதனால் அது ஆர்ப்பாட்டம். பறையும் ஆட்டமும் இருக்கும், அதனால் திருவிழா.

வருபவர்களில் பலர் மற்ற நாட்களில் வீட்டிலோ அலுவலகத்திலோ வாயைத் திறக்க முடியாதவர்கள். அவர்களுக்குச் சத்தமாகப் பேசிக்கொண்டு நடுரோட்டில் நடப்பதே பெரிய விஷயம். சும்மா நடக்கிறார்களே என்று தோன்றினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் ஜூன் மாசம்? சென்னை வெயில்ல வேற மாசமே கிடைக்கலையா?

1969 ஜூன் 28 அதிகாலை நியூயார்க்கில் ஸ்டோன்வால் இன் என்ற மதுக்கூடத்தில் போலீஸ் சோதனை நடத்தியது. அப்படிச் சோதனை நடப்பது அங்கே வழக்கமானதுதான். அன்று அங்கிருந்தவர்கள் பணியாமல் எதிர்த்து நின்றது புதிது. அடுத்த ஆண்டு அதே தேதியில் அதை நினைவுகூர்ந்து ஒரு பேரணி நடந்தது. ஜூன் மாதம் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது.

இந்தியாவில் முதல் நடை கொல்கத்தாவில், 1999 ஜூலை 2 அன்று. நடந்தவர்கள் சுமார் 15 பேர். 2008-ல் டெல்லி, பெங்களூரு, மும்பை சேர்ந்துகொண்டன. பிறகு டெல்லியும் பெங்களூரும் நவம்பருக்குப் போய்விட்டன, மும்பை ஆண்டுத் தொடக்கத்துக்கு மாறியது. சென்னை மட்டும் ஜூன் கடைசி ஞாயிறை விடவில்லை. அக்னி நட்சத்திரம் முடிந்திருக்கும், வெயில் முடிந்திருக்காது. அதனால்தான் மாலையில் நடக்கிறோம்.

சென்னையில எப்போ ஆரம்பிச்சது?

2009 ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை, மெரினாவில். ஸ்டோன்வால் சம்பவம் நடந்து சரியாக 40 ஆண்டுகள். வந்தவர்களில் பலர் முகமூடி அணிந்திருந்தார்கள். அன்றைக்குத் தன்பால் உறவைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு முழுசாக உயிரோடு இருந்தது. நான்கு நாள் கழித்து, ஜூலை 2 அன்று, வயதுவந்த இருவர் சம்மதத்தோடு தனிமையில் செய்வது குற்றமல்ல என்று டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் பேரணியில் நடந்தவர்கள், ஏதோ தாங்கள் நடந்ததால்தான் தீர்ப்பு வந்ததுபோல இன்றைக்கும் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

ஆனால் பேரணி ஒரே நாளில் முளைத்ததல்ல. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டதே சென்னையில்தான், 1986-ல். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் எச்.ஐ.வி. தடுப்புப் பணியைச் சுற்றி இந்தச் சமூகத்துக்கான அமைப்புகள் உருவாயின. சகோதரன் அமைப்பு 1998-ல் தொடங்கியது. 2000-களின் நடுவில், நோய்த்தடுப்பு என்ற வாசல் வழியாக இல்லாமல் பேசவும் எழுதவும் கூடவும் வந்தது ஓரினம் என்ற குழு. இன்னொரு பக்கம் திருநங்கைகள் பல ஆண்டுகளாக அரசோடு போராடி, 2008-ல் தமிழ்நாடு திருநங்கைகள் நலவாரியம் வந்தது. இந்த ஓடைகளெல்லாம் சேர்ந்த இடம்தான் 2009-ன் மெரினா.

'பிரைடு'ன்னா பெருமைதானே? தமிழ்ல ஏன் 'சுயமரியாதைப் பேரணி'ன்னு போடறீங்க?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 'பெருமைப் பேரணி' என்று எழுதிப் பாருங்கள், ஏதோ சாதிச் சங்க மாநாட்டுச் சுவரொட்டி மாதிரி இருக்கும். தமிழில் பெருமை என்றால் குலப்பெருமை, குடும்பப் பெருமை என்றுதான் காது பழகியிருக்கிறது. இங்கே வருகிறவர்களில் பாதிப்பேரை வீட்டைவிட்டு விரட்டியதே அந்தக் குடும்பப் பெருமைதான். அதையே பெயராகச் சூட்டிக்கொண்டு எப்படி நடப்பது?

சுயமரியாதை இந்த ஊரில் நூறாண்டாகப் புழங்கும் சொல். 1925-ல் பெரியார் குடிஅரசு இதழைத் தொடங்கிய காலத்திலிருந்து, பிறப்பை வைத்து மனிதரை மட்டம் தட்டாதே என்பதுதான் அதற்குப் பொருள். புரோகிதர் இல்லாமல், சடங்கு இல்லாமல், இருவர் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதற்குப் பெயரே சுயமரியாதைத் திருமணம். எனவே 'வானவில் சுயமரியாதைப் பேரணி' என்று தட்டியில் எழுதினால், தெருவில் போகிறவர் ஆங்கிலமே தெரியாதவராக இருந்தாலும் இது எந்த வகையான கூட்டம் என்று புரிந்துகொள்வார். அந்தப் புரிதலுக்காகவே இந்தப் பெயர்.

ஒருமுறை பதாகை எழுதும்போது ஒரு கல்லூரிப் பையன் 'சுயமறியாதை' என்று வல்லின 'றி' போட்டுவிட்டான். ஆங்கில மீடியம். பக்கத்திலிருந்த ஒரு திருநங்கை அக்கா வெள்ளை பெயின்ட் எடுத்து அந்த ஒரு எழுத்தை மட்டும் அடித்து, காயும்வரை விசிறி, மேலே 'ரி' எழுதினார். "மரியாதையில தப்பு வரக்கூடாதுடா கண்ணு" என்றார். பெயின்ட் சரியாகக் காயாமல் அந்த 'ரி' கடைசிவரை கொஞ்சம் வழிந்தே இருந்தது.

எந்தச் சொல்லைப் பயன்படுத்தணும்னே தெரியல. தப்பாச் சொல்லிடுவேனோன்னு பயமா இருக்கு.

பயப்பட வேண்டாம், திருத்தினால் திருந்துங்கள், போதும். தன்பாலீர்ப்பு என்பது தன் பாலினத்தவர் மேலேயே வரும் ஈர்ப்பு. 'ஓரினச்சேர்க்கை' என்ற பழைய சொல்லைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம், அது ஒரு மனிதரின் அன்பு, துணை, வாழ்க்கை எல்லாவற்றையும் 'சேர்க்கை' என்ற படுக்கையறைச் செயலாகச் சுருக்கிவிடுகிறது. பிறப்பில் ஆண் என்று சொல்லப்பட்டுப் பெண்ணாக வாழ்பவர் திருநங்கை, பெண் என்று சொல்லப்பட்டு ஆணாக வாழ்பவர் திருநம்பி, பொதுவாகச் சொல்ல திருநர். உடற்கூறிலேயே ஆண், பெண் வரையறைக்குள் அடங்காமல் பிறப்பவர்கள் ஊடுபால் மக்கள். 'குயர்' என்பதற்குப் பால்புதுமையர் என்ற சொல் நன்றாக நிலைத்துவிட்டது.

இவற்றில் பல, இந்தச் சமூகத்தவரே உட்கார்ந்து பேசி உருவாக்கியவை. சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்திய பிறகு 2022-ல் தமிழ்நாடு அரசு இதற்கென ஒரு சொற்பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது. சினிமாவும் தெருவும் கற்றுக்கொடுத்த மற்ற சொற்கள் உங்களுக்கே தெரியும், அவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

திருநங்கைகளுக்குத்தான் கூவாகம் இருக்கே, அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?

இரண்டும் வேறு. கூவாகம் கோயில் திருவிழா. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டைப் பக்கம் இருக்கிற கூத்தாண்டவர் கோயிலில் சித்திரையில் நடப்பது. அரவானுக்கு மனைவியாகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அவன் பலியானதும் தாலியறுத்து ஒப்பாரி வைக்கும் சடங்கு அது. ஊர் ஊராகப் பிரிந்திருக்கும் திருநங்கைகள் ஆண்டுக்கு ஒருமுறை சந்திக்கும் இடமும் அதுதான்.

கூவாகத்தில் சாமியிடம் அழலாம், அரசிடம் கேட்க முடியாது. வேலை கொடு, வாடகைக்கு வீடு மறுக்காதே, அடிக்காதே என்று கேட்பதற்குத் தார்ச்சாலைதான் சரியான இடம். அதோடு, திருநம்பிகளுக்கோ பெண்ணை விரும்பும் பெண்களுக்கோ கூவாகக் கதையில் பாத்திரமே கிடையாது.

இதை நடத்துறது யார்? எந்தக் கட்சி? காசு எங்கேருந்து வருது?

கட்சி நடத்துவதில்லை. பல அமைப்புகளும் எந்த அமைப்பிலும் இல்லாத தனி ஆட்களும் சேர்ந்த கூட்டணி நடத்துகிறது. சென்னை ரெயின்போ கோலிஷன் என்று தொடங்கியது, பிறகு தமிழ்நாடு ரெயின்போ கோலிஷன் என்ற பெயரில் தொடர்ந்தது. தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற கம்பெனிக் கட்டமைப்பை எதிர்பார்த்து வந்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு முழக்கத்தில் 'உரிமை' முதலில் வருவதா 'மரியாதை' முதலில் வருவதா என்று இரண்டு மணி நேரம் நடந்த சண்டையில் நானே உட்கார்ந்திருக்கிறேன்.

செலவு என்று பார்த்தால் பேனர், ஒலிபெருக்கி, பறைக் கலைஞர்களுக்கான ஊதியம், தண்ணீர், முதலுதவி. பெரும்பாலும் சமூகத்தவரும் நண்பர்களும் தரும் நன்கொடைதான். வெளிநாட்டுப் பணம் கொட்டுகிறது என்று சொல்பவர்களை, தண்ணீர் கேன் வாங்கிய பில்லுக்குச் சில்லறை தேற்றும் எங்கள் ஆட்களிடம் ஐந்து நிமிடம் உட்காரவைக்க ஆசை.

போலீஸ் அனுமதி கொடுக்கிறாங்களா? மாட்டேன்னு சொன்னதே இல்லையா?

சென்னையில் எந்த ஊர்வலத்துக்கும் பொருந்தும் நடைமுறைதான் இதற்கும். 1888-ம் ஆண்டின் சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 41-வது பிரிவுப்படி, குறைந்தது ஐந்து நாளுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். எங்கே தொடங்கி எங்கே முடியும், எத்தனை மணி, சுமாராக எத்தனை பேர், யார் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்கிறோம். சில நாள் அலைச்சல் இருக்கும். கடைசி நேரத்தில் நிபந்தனை வரும். சாலையில் ஒரு பக்கமாகத்தான் போகணும், இத்தனை மணிக்கு முடிக்கணும் என்பார்கள்.

பொறுப்பாளர் என்ற இடத்தில் உண்மைப் பெயர், முகவரி, கைபேசி எண்ணோடு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. கூட்டத்தில் முகமூடியோடு நடந்துவிடலாம், மனுவில் முகமூடி கிடையாது. அதனால் எல்லாருக்கும் தெரிய வாழும் சிலர் மேலேயே ஆண்டுதோறும் அந்தச் சுமை விழுகிறது. 2022-ல் காவலர் நடத்தை விதிகளில் தமிழ்நாடு அரசு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. பால்புதுமையரையோ அவர்களுக்காக வேலை செய்பவர்களையோ காவலர் துன்புறுத்தக் கூடாது என்பது இப்போது விதி. விதி இருப்பதைக் கீழ்நிலைக் காவலர் வரை எல்லாரும் படித்திருக்கிறார்களா என்பது வேறு விஷயம். ஆனால் பாதுகாப்புக்கு வந்த ஒரு பெண் காவலர் என்னிடம் வந்து, "சார், நம்பின்னா யாரு, நங்கைன்னா யாரு, சரியாச் சொல்லுங்க, எஸ்.ஐ. கேட்டா சொல்லணும்" என்று கையில் பேனாவோடு நின்றதும் நடந்திருக்கிறது.

மெரினாவை விட்டுட்டு ஏன் எழும்பூருக்குப் போனீங்க?

ஆசைப்பட்டுப் போகவில்லை. நகரில் ஊர்வலம் போகக் காவல்துறை ஒதுக்கும் பாதைகள் குறைவு. எழும்பூர் ராஜரத்தினம் மைதானத்திலிருந்து லேங்ஸ் கார்டன் சாலை வரையிலான பாதை அவற்றில் ஒன்று. அரசு ஊழியர் சங்கம், தொழிற்சங்கம், கட்சிகள் எல்லாரும் நடந்த பாதை அது. மெரினாவில் போராட்டங்களுக்கு இடம் தருவதே இல்லை, அதிலும் 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு கேட்கவே வேண்டாம்.

எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மெரினாவில் சுண்டல் தின்றுகொண்டு நிற்கிற குடும்பம்தான் பேரணி பார்க்க வேண்டிய கூட்டம். எழும்பூரில் ஞாயிறு மாலை அலுவலகங்கள் பூட்டியிருக்கும், புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் பாதி ஷட்டர் இறங்கியிருக்கும். பால்கனியில் துணி எடுக்க வந்தவர்களும் சிக்னலில் மாட்டிய பைக்காரர்களும்தான் பார்வையாளர்கள். ஆனாலும் மற்றவர்களின் பாதையிலேயே நாங்களும் போகிறோம் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று சில நண்பர்கள் சொல்வார்கள். அதையும் மறுக்க முடியவில்லை.

நான் ஸ்ட்ரெய்ட். வரலாமா? வந்தா என்னையும் அப்படின்னு நினைச்சுக்குவாங்களே?

வரலாம். எதிர்ப்பாலினத்தவரை மட்டும் விரும்பும் ஸ்ட்ரெய்ட் ஆட்களுக்கும் தடையில்லை. நினைத்துக்கொள்ளவும் செய்வார்கள். அந்த ஒரு மணி நேரக் கூச்சம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். வருபவர் யாரிடமும் "நீங்கள் என்ன?" என்று கேட்கிற வழக்கம் அங்கே கிடையாது, நீங்களும் கேட்காதீர்கள்.

வீட்டுல தெரியாது. பேப்பர்ல போட்டோ வந்துட்டா?

இதற்கு இனிப்பான பதில் கிடையாது. அது பொதுச் சாலை, யார் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம். விருப்பமில்லாதவர்களைக் கிட்டப்போய் எடுக்காதீர்கள் என்று பத்திரிகையாளர்களிடம் கேட்டுக்கொள்கிறோம், பெரும்பாலானோர் மதிக்கிறார்கள். ஆனால் மாடியிலிருந்து கைபேசியில் எடுப்பவரை யாராலும் தடுக்க முடியாது.

முகமூடி போடலாம், அதில் வெட்கமே வேண்டாம். 2009-லிருந்தே அது பேரணியின் பகுதி. கொரோனாவுக்குப் பிறகு சாதாரண மாஸ்க் போட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முகம் நிறைய வண்ணம் பூசுவது இன்னொரு வழி. வழக்கமாகப் போடும் சட்டையைப் போட்டு வராதீர்கள். முகத்தை மறைத்தாலும் அம்மாவுக்குச் சட்டை தெரியும். இவ்வளவுக்குப் பிறகும் மனசு ஒப்பவில்லை என்றால் வர வேண்டாம். நான் முதல் முறை எதிர்ப்பக்க நடைபாதையில் ஆபீஸ் பையோடு, ஏதோ வேலையாகப் போகிறவன் மாதிரிக் கடைசிவரை நடந்தேன். அந்த ஆண்டு அவ்வளவுதான் முடிந்தது.

என்ன போட்டுக்கணும், என்ன எடுத்துட்டு வரணும்?

பருத்தித் துணி, தேய்ந்த செருப்பு, தண்ணீர். புடவையில் வருபவர்கள் ஊக்கு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், ஆடும்போது தேவைப்படும். மழைக்கும் ஒரு பிளாஸ்டிக் பை.

377-தான் போயிடுச்சே. இன்னும் எதுக்கு ரோட்டுக்கு வரணும்?

போன கதையை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அது நேர்கோட்டில் போகவில்லை. மேலே சொன்ன 2009 தீர்ப்பை 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. குற்றவாளியாக இல்லாமல் நாலரை ஆண்டு வாழ்ந்தவர்கள் ஒரே காலையில் மறுபடி குற்றவாளி ஆனார்கள். நான்கு மாதம் கழித்து, 2014 ஏப்ரல் 15, அதே உச்ச நீதிமன்றம், தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த நால்சா வழக்கில் திருநரின் பாலின அடையாளத்தை அடிப்படை உரிமையாக ஏற்றது. அந்த ஆண்டுப் பேரணியில் நடந்த திருநங்கை ஒருவருக்கு ஒரு தீர்ப்பு உரிமை கொடுத்திருந்தது, இன்னொரு தீர்ப்பு சிறை காட்டியது. கடைசியில் 2018 செப்டம்பர் 6 அன்று, ஐந்து நீதிபதிகள் அமர்வு சம்மத உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது.

குற்றமில்லை என்பதும் உரிமை உண்டு என்பதும் ஒன்றல்ல. ஐ.சி.யு. வாசலில் 'நீங்க அவருக்கு என்ன உறவு?' என்று கேட்டால் பதில் சொல்லும் சட்டம் இன்னும் இல்லை. 2019-ன் திருநர் பாதுகாப்புச் சட்டத்தில், திருநர் மீதான பாலியல் வன்முறைக்கு அதிகபட்சத் தண்டனையே இரண்டு ஆண்டுதான். பெண்ணுக்கு எதிரான பாலியல் வல்லுறவுக்குக் குறைந்தபட்சமே பத்து ஆண்டு. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377-ஐ முழுசாகவே எடுத்துவிட்டார்கள். அதோடு, சம்மதமில்லாமல் வல்லுறவுக்கு ஆளாகும் ஆணுக்கு இருந்த ஒரே பிரிவும் போய்விட்டது. இதையெல்லாம் பேச ஆண்டுக்கு ஒரு மாலை பத்தாது.

இது வெளிநாட்டுச் சரக்குதானே? நம்ம கலாச்சாரத்துல ஏது?

பேரணி என்ற வடிவம் வெளியிலிருந்து வந்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். மே தினமும் அப்படித்தான் வந்தது. ஆனால் மனிதர்கள் இங்கேயே இருந்தவர்கள். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில் ஒன்று 'பேடு', ஆண் பெண்கோலம் பூண்டு ஆடும் ஆட்டம். மணிமேகலையில் புகார் நகரத்துத் தெருவில் பேடிக்கோலத்து ஆட்டத்தைக் கூட்டம் கூடி வேடிக்கை பார்க்கிறது. இதை வைத்து 'பொற்காலம் இருந்தது' என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கூட்டம் மதித்துப் பார்த்ததா, சிரிக்கப் பார்த்ததா என்பதே கேள்விதான். தெருவில் இருந்தார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

உண்மையிலேயே வெளிநாட்டுச் சரக்கு 377-தான். 1860-ல் ஆங்கிலேயர் எழுதிய சட்டம் அது. 'பேரணி மட்டும் அந்நியம், சட்டம் மட்டும் நம்முடையது' என்றால் கணக்கு உதைக்கிறது.

குழந்தைங்க போற ரோட்டுல அரைகுறை டிரஸ்ஸோட ஆடுறது சரியா?

வந்து பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. டிவியில் வேறு நாட்டுப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள்தான் அதிகம். சென்னையில் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவும் வேட்டியும்தான் கண்ணில் படும். நடுவில் ஒருவர் இறக்கை கட்டிக்கொண்டு வருவார், ஒருவர் குட்டைப் பாவாடையில் வருவார். நம் ஊர்க் கோயில் திருவிழாக் கரகாட்டத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை.

ஜூன் வந்தா கம்பெனிங்க எல்லாம் லோகோவை வானவில் ஆக்குறாங்க. அதுல உங்களுக்கு உடன்பாடா?

எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் ஒரு பெண், தன் கம்பெனி காப்பீட்டில் தன் துணையின் பெயரைச் சேர்க்க முடிந்ததற்கு அந்த லோகோ கலாட்டாதான் வழிவிட்டது என்கிறாள். அவள் சொல்வது உண்மை. அதே கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலைக்காவது ஒரு திருநங்கையை எடுப்பார்களா என்று இன்னொருவர் கேட்கிறார். அதுவும் உண்மை. என் கருத்து: ஊழியராக வாருங்கள், நடந்துவிட்டுப் போங்கள். கம்பெனி பெயர் போட்ட டி-ஷர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

வானவில் பற்றி ஒரு துணுக்கு: கில்பர்ட் பேக்கர் 1978-ல் சான் பிரான்சிஸ்கோவில் பறக்கவிட்ட முதல் கொடியில் எட்டு நிறங்கள். இளஞ்சிவப்புத் துணி போதுமான அளவு கிடைக்காததால் முதலில் அந்த நிறம் போனது, பிறகு இன்னொன்றும் போய் ஆறில் நின்றது. நம் பேரணியில் பக்கத்திலேயே வெளிர்நீலம், இளஞ்சிவப்பு, வெள்ளை என்று இன்னொரு கொடி வரும், அது திருநர் கொடி.

உங்களுக்குள்ளேயே ஒத்துமை இல்லைன்னு கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. ஒரு பேரணியில் நடந்துவிட்டால் சாதியும் வர்க்கமும் கரைந்துவிடுமா என்ன? திருநங்கைகள் முன்வரிசையில் போலீஸ் லத்தியை வாங்கிய காலத்தில், ஆங்கிலம் பேசும் கே ஆண்கள் பலர் வீட்டில் இருந்தார்கள் என்ற கோபம் இன்னும் இருக்கிறது. மைக் யார் கையில் என்பது ஒவ்வோர் ஆண்டும் பிரச்சினை. பெண்ணை விரும்பும் பெண்களும் திருநம்பிகளும் 'எங்களை யாருமே பேசவிடுவதில்லை' என்பார்கள். தலித் பால்புதுமையர் 'சுயமரியாதை என்று பெயர் வைத்துவிட்டுச் சாதியைப் பற்றி வாய் திறக்கவில்லையே' என்று கேட்டிருக்கிறார்கள். பெயருக்கு நான் மேலே கொடுத்த விளக்கத்தை அவர்களிடம் சொன்னால், 'அதைத்தானே கேட்கிறோம்' என்பார்கள். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாயில்லை.

பேரணி போனா கல்யாணச் சட்டம் வந்துடுமா?

வராது. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம், தன்பால் திருமணத்தை அங்கீகரிப்பது நாடாளுமன்றத்தின் வேலை என்று ஒதுங்கிக்கொண்டது. திருநர் ஒருவர் எதிர்ப்பாலினத்தவரை மணப்பதற்கு மட்டும் தடையில்லை என்றது. அதைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-லேயே சொல்லிவிட்டது: இந்துத் திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்றால் திருநங்கையும்தான். 2025 மே மாதம், பெற்றோர் அடைத்துவைத்திருந்த ஒரு பெண்ணைத் தன் தோழியோடு போக அனுமதித்த வழக்கில், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

ஒரு வேடிக்கை. சுயமரியாதைத் திருமணத்துக்காக அதே இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவு, 'எந்த இரு இந்துக்களுக்கும் இடையே' என்றுதான் ஆரம்பிக்கிறது. படிக்கும்போது ஒரு நொடி மனசு துள்ளும். கீழே போனால் 'கணவன்', 'மனைவி' என்று வந்துவிடும்.

சென்னையில மட்டும்தானா?

இல்லை. மதுரையில் 2012 ஜூலையில் நடந்தது. கொழும்பில் 2005-லிருந்து பிரைடு நிகழ்வுகள் உண்டு, யாழ்ப்பாணத்திலும் 2022-ல் நடந்தார்கள். சிறிய ஊரில் இருபது பேர் நடப்பது சென்னையில் ஆயிரம் பேரோடு நடப்பதைவிடக் கடினம் என்பது என் எண்ணம். அங்கே கூட்டத்தில் கரைய முடியாது.

என் பையன் பேரணிக்குப் போறான்னு தெரிஞ்சுபோச்சு. டாக்டர்கிட்ட காட்டலாமா?

காட்டலாம், ஆனால் அவனை மாற்றச் சொல்லி இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாற்றிக் காட்டுகிறேன் என்று மருந்தோ கரண்டோ கொடுப்பது மருத்துவர்களுக்கு நடத்தைக் குற்றம் என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமும் சொல்லிவிட்டது. அதற்கு வழி திறந்தது நம் உயர் நீதிமன்றம்தான். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கு அது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே முழுத் தெளிவில்லை என்று ஒப்புக்கொண்டு, தீர்ப்பெழுதும் முன் ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அந்தப் பெண்களையும் பெற்றோரையும் தனித்தனியாகப் பேசவைத்தார். பிறகு 2021 ஜூன் 7 அன்று விரிவான உத்தரவு போட்டார். ஓர் உயர் நீதிமன்ற நீதிபதி 'எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன்' என்று சொல்ல முடியுமென்றால் அப்பா அம்மாவும் சொல்லலாம்.

இன்றைக்கே அவனோடு பேரணிக்கு வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ராத்திரி வந்தால் சோறு போடுங்கள். 'ஊர் என்ன சொல்லும்' என்பதை முதல் வாக்கியமாக வைக்காதீர்கள்.

பேரணி முடிஞ்சதும் என்ன நடக்கும்?

லேங்ஸ் கார்டன் சாலையில் கொஞ்சம் பேச்சு, நன்றி, ஒரு கடைசி ஆட்டம். காவலர்கள் கைக்கடிகாரத்தைக் காட்டுவார்கள். தன்னார்வலர்கள் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்குவார்கள், கயிற்றைச் சுற்றுவார்கள். கூட்டம் டீக்கடைகளுக்குக் கலையும், கொஞ்ச நேரத்தில் கடையில் கிளாஸ் தீர்ந்து பேப்பர் கப் வரும்.

அப்புறம் பலர் எழும்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒதுங்கி முகத்தைக் கழுவுவார்கள். வீட்டுக்கு வெறும் முகத்தோடு போக வேண்டியவர்கள். கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வது: சோப்பு வேண்டாம், சின்ன டப்பாவில் தேங்காயெண்ணெய் கொண்டுவாருங்கள், முதலில் அதைத் தடவி டிஷ்யூவால் துடைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். சோப்பு மட்டும் போட்டால் காதோரம் நீலம் நின்றுவிடும். கழுவி முடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் ஒருமுறை காதைக் காட்டிவிட்டு பஸ் ஏறுங்கள்.